பொங்கல் கழிந்தால் ஒருத்தி போகணும்

மார்கழி 1, செவ்வாய்

இந்த டைரி மாப்பிள்ளைக்கு ஆபீசில் கொடுத்தது. "காலண்டர் தாளைக் கிழிச்சுக் கிழிச்சு எழுதுறீங்களே அத்தை, இதுல எழுதுங்க" என்று கொடுத்தார். வருஷம் முடியப் போகிறது, அவர் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. பிப்ரவரி என்று அச்சடித்த பக்கத்தில் மார்கழியை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எந்தப் பக்கமாக இருந்தால் என்ன.

எழுதுவதற்குக் காரணம், பேச இடமில்லை. டெல்லியில் சர்க்கார் குவார்ட்டர்ஸ், இரண்டே ரூம். ஒன்றில் என் மகள் சுகந்தி, மாப்பிள்ளை கதிரேசன், மூன்றரை வயது பேத்தி இனியா. இன்னொன்றில் நானும், மாப்பிள்ளையைப் பெற்ற உலகம்மாளும், ஒரு ஹீட்டரும். ஹீட்டர் அவள் கட்டில் பக்கம்.

ஐப்பசியில் சுகந்திக்கு வயிற்றில் கட்டி எடுத்தார்கள். நான் அருப்புக்கோட்டையிலிருந்து ஓடி வந்தேன். உலகம்மாள் சாத்தூரிலிருந்து மறுநாள் வந்தாள். ஒருநாள் முந்தியவள் நான். இதை யாரும் சொல்வதில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இப்போது சுகந்தி தேறிவிட்டாள். தை பாதியில் வேலைக்குத் திரும்புகிறாள். நேற்று சாப்பிடும்போது மாப்பிள்ளை டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பொங்கல் முடிஞ்சதும் பிள்ளையைப் பாக்க ஒருத்தர் இருந்தாப் போதும். இன்னொருத்தர் ஊருக்குப் போய் வீடு வாசலைப் பாக்கலாம்."

சொன்னது டி.வி.க்கு இல்லை, எங்களுக்கு.

எனக்கென்ன, போகச் சொன்னால் போகிறேன். ஊரில் வீடு இருக்கிறது. பூட்டிக் கிடக்கிறது. திறந்தாலும் அப்படித்தான் இருக்கும். இதையெல்லாம் நினைக்காமல் மாப்பிள்ளை கேட்காமலே அவருக்கு இரண்டு தோசை கூடச் சுட்டேன். அவள் எழுந்து போய்ச் சட்னிக்குத் தாளித்தாள்.

மார்கழி 3, வியாழன்

என் ஞாபகத்தைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

சுகந்தி கல்யாணத்தில், வைகாசி 22, இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து உலகம்மாள் சொன்னது: "ரசம்னா ரசம் மாதிரி இருக்கணும்." பதினொரு வருஷம் ஆகிறது. அவள் அன்று கட்டியிருந்தது கத்தரிப்பூக் கலர். அந்த ரசத்தை வைத்தது சமையல்காரன், நான் இல்லை. ஆனாலும் என் நாக்கில் இன்னும் சுடுகிறது.

அதைக்கூட விட்டுவிடுவேன். விடமுடியாதது ஒன்று இருக்கிறது. என் வீட்டுக்காரர் போன அன்றைக்கு அவள் வரவில்லை. ஆடி 19, ஏழு வருஷத்துக்கு முன்னால். அவள் வீட்டுக்காரர் வந்தார், மாப்பிள்ளை வந்தார், சாத்தூரிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வந்தார்கள். பெண்களில் மட்டும் நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொருத்தி சேலையையும் சொல்வேன். வாசல்பக்கம் ஊதாச் சேலை பெரிய நாத்தனார். தூண் பக்கத்தில் மாம்பழக் கலரில் கறுப்புக் கரை, மேலத்தெரு கோமதி. இந்த வரிசையில் உலகம்மாள் இல்லை.

நான்கு வருஷத்துக்கு முன் அவள் வீட்டுக்காரர் இறந்தபோது நான் போனேன். மூன்று நாள் இருந்தேன். அவள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

வாய்விட்டு யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் நாலு பேர் சமாதானம் சொல்லிச் சின்னதாக்கிவிடுவார்கள்.

மார்கழி 6, ஞாயிறு

வெயில் அடித்தால் இந்தக் காலனிப் பெண்கள் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறிவிடுகிறார்கள். பட்டாணி உரிக்கிறார்கள், ஸ்வெட்டர் பின்னுகிறார்கள். கீழ்வீட்டு பஞ்சாபி அம்மா எனக்குப் பின்னச் சொல்லித் தருகிறாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. தப்பாகப் போட்டால் கையில் தட்டுகிறாள். அது புரிகிறது.

இனியாவுக்கு ரோஸ் கலரில் ஸ்வெட்டர். முதுகு முடிந்தது. ஒரு கை முடிந்தது. இரண்டாவது கை முடிகிறபோது முதல் கையைவிட நாலு விரல் நீளம். உலகம்மாள் பட்டாணியை உரித்துக்கொண்டே பார்த்தாள்.

"மதினி, பிள்ளை ஒரு கைதான் வளரும்னு யாரும் சொன்னாங்களா?"

"வளர்ற பிள்ளை. மிச்சம் இருந்தா நல்லது."

"அப்ப இந்தக் கை?"

"அதை மடிச்சு விட வேண்டாம். அவ்வளவுதான்."

பஞ்சாபி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்தேன். அவளும் சிரித்தாள்.

மார்கழி 9, புதன்

ஒரு விஷயம் கண்டுபிடித்தேன்.

காலையில் உலகம்மாள் குளியலறைக்குப் போனால் குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்தக் குளிரில் குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கிறது. அவள் குளிப்பதோ அடுப்பில் வைத்த வெந்நீர். அப்படியானால் குழாய் எதற்கு? கதவோரம் துண்டைத் தேடுகிற மாதிரி நின்றேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே இருமல். சாதா இருமல் இல்லை. நெஞ்சுக்குள்ளே நாயனம் ஊதுகிற மாதிரி இழுப்பு.

வெளியே வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குளிர் நல்லாத்தான் இருக்கு மதினி" என்றாள்.

டெல்லிப் புகைமூட்டம் ஆகாத உடம்பு. தெரிந்தால் முதல் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அதுதான் குழாய்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது நல்ல மனசினாலா, தக்க நேரத்துக்கு வைத்திருக்கிறேனா என்று என்னையே கேட்டேன்.

மார்கழி 10, வியாழன்

வெயில் இல்லை. குழாய் மூன்று முறை.

மார்கழி 13, ஞாயிறு

இன்று நானும் அவளும் செய்த கூத்தை எழுதினால் எனக்கே வெட்கம். இருந்தாலும் எழுதுகிறேன்.

யார் இருந்தால் பிள்ளைக்கு நல்லது என்று மாப்பிள்ளை பார்க்கிறார் என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு. நான் இனியாவுக்குப் பருப்புச் சோறு ஊட்டப் போனேன். அவள் நெய்க் கிண்ணத்தோடு வந்தாள். நான் காக்காய்க் கதை சொன்னேன். அவள் அதே கதையில் யானையைக் கொண்டுவந்து விட்டாள். நான் யானையைவிடப் பெரிதாக எதைக் கொண்டுவருவது என்று யோசிப்பதற்குள் இனியா, "அம்மாச்சி, அப்பத்தா, ரெண்டு பேரும் தள்ளுங்க, டி.வி. மறைக்குது" என்றாள்.

தள்ளிக்கொண்டோம்.

மார்கழி 17, வியாழன்

இங்கிலீஷ் வருஷப் பிறப்பு. சுகந்தி கேக் வாங்கி வந்தாள். அடுப்படியில் நானும் அவளும் தனியாக இருந்தபோது கேட்டாள்.

"அம்மா, ஊரு வீட்டுல ஓடு மாத்தணும்னு சொன்னேல்ல?"

"எப்பச் சொன்னேன்?"

"போன வருஷம்."

"போன வருஷமே மாத்தியாச்சு. புரட்டாசி 9."

அவள் கேக்கை வெட்டினாள். ஐந்து துண்டுதான் வெட்டவேண்டியது, எட்டாக வெட்டினாள். "அவுகளைப் போகச் சொல்ல எனக்கு வாய் வராதும்மா. அவுக பெத்த மகன் வீடு. உன்னையின்னா நான் உரிமையாக் கேக்கலாம்னு…"

"கேளு."

"இன்னும் முடிவாகலை."

பெண்ணைப் பெற்றவள் என்றால் இதுதான். உரிமை நிறைய இருக்கிறது, கிளம்புவதற்கு. கேக்கில் முட்டை வாடை.

மார்கழி 18, வெள்ளி

மாப்பிள்ளையிடம் குழாய் விஷயத்தைச் சொன்னேன். அக்கறையில்தான் சொன்னேன்.

மார்கழி 19, சனி

அக்கறையில்தான்.

மார்கழி 21, திங்கள்

டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். படம் எடுத்தார்கள், ஊதச் சொன்னார்கள். பனிக்காலம் முடிகிறவரை இந்த ஊர்க் காற்று ஆகவே ஆகாது, தெற்கே போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தை 7, புதன்கிழமை வண்டிக்கு டிக்கெட் போட்டாயிற்று. ஒரே டிக்கெட். உலகம்மாள் பெயரில்.

ஜெயித்தாயிற்று. பாயசம் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் சொல்வதற்கு, சேமியா பழசாகிறது என்று ஒரு பதிலும் தயாராக இருந்தது. யாரும் கேட்கவில்லை. உலகம்மாள் ஒரு கிண்ணம் குடித்து, "பதமா இருக்கு மதினி" என்றாள். பதினொரு வருஷத்தில் என் சமையலை அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னது இதுதான் முதல். இப்போது பார்த்துச் சொல்லவேண்டுமா.

மார்கழி 24, வியாழன்

அவள் சண்டைக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யார் சொன்னது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாறாக வீட்டை என்னிடம் ஒப்படைக்கிறாள்.

"இனியாவுக்குச் சளி மருந்து மேல் தட்டுல. மூடியில ஊத்திக் குடுத்தாத் துப்பிருவா, ஸ்பூன்ல குடுங்க. தோசையை முக்கோணமா மடிச்சாத்தான் சாப்பிடுவா. நட்டநடுவுல ஓட்டை இருந்தா அழுவா." ஹீட்டரையும் என் கட்டில் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டாள். கால் சூடாக இருக்கிறது. தூக்கம் வரவில்லை.

இத்தனை நல்லவள் ஆடி 19 அன்றைக்கு ஏன் வரவில்லை? அதைத்தான் கேட்கிறேன். அன்று விடிந்ததிலிருந்து நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் சனம். நாக்கு ஒட்டிப்போய்க் கிடந்தபோது எவளோ ஒருத்தி பித்தளை டம்ளரில் காப்பி கொண்டுவந்து கையில் வைத்து அழுத்தினாள். சீனி இல்லாத காப்பி. அது இல்லாவிட்டால் அன்று நானும் சாய்ந்திருப்பேன். எவளோ ஒருத்திக்கு இருந்த மனசு சம்பந்திக்கு இல்லாமல் போயிற்றே.

மார்கழி 25, வெள்ளி

டைரியைத் திறந்தால் நேற்று நான் எழுதினதுக்குக் கீழே வேறு கையெழுத்து. சின்னச் சின்னதாக, கோடு பிசகாமல். அவள் எட்டாவது வரை படித்தவள். அப்படியே கிடக்கிறது, நான் அழிக்கவில்லை:

"மதினி, டைரியைக் கட்டில்மேல் திறந்து போட்டுவிட்டுக் குளிக்கப் போனீர்கள். படித்தது தப்புத்தான். ஆனால் எழுதியதும் தப்பு. ஆடி 19 காலை வேனில் வந்தேன். உங்களைக் கட்டிக்கொண்டு அழலாம் என்று நெருங்கினேன். பத்துப் பேர் மேலே விழுந்து கிடந்தார்கள், இடமில்லை. பக்கத்து வீட்டு அடுப்பில் காப்பி போட்டேன். இழவு வீட்டில் சீனி எங்கே என்று யாரைக் கேட்பது, அதனால் போடவில்லை. உங்கள் கையில் வைத்தேன். குடித்தீர்கள். நிமிர்ந்து பார்க்கவில்லை. எடுத்த பிறகு பாத்திரம் கழுவிவைத்துவிட்டுக் கிளம்பினேன். இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. அதனால் சொல்லவில்லை. பதினாறாம் நாள் நான் வரவில்லை, என் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். அது ஒன்று என்மேல் தப்பு. இருமலை நீங்கள்தான் சொன்னீர்கள் என்று அன்றைக்கே தெரியும். ரசத்தைப் பற்றி நான் சொன்னது சரிதான். அது ரசம் மாதிரி இல்லை. உலகம்மாள்."

மார்கழி 26, சனி

நேற்று முழுக்க நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைக் காப்பிக்கு அடுப்படியில் நின்றபோது கேட்டேன்.

"அன்னிக்கு என்ன சேலை?"

"எதுக்கு?"

"சொல்லுங்களேன்."

"மாம்பழக் கலரு. கறுப்புக் கரை."

மேலத்தெரு கோமதி. ஏழு வருஷமாக அந்தச் சேலையைக் கோமதிக்குக் கட்டி வைத்திருக்கிறேன். போன பங்குனியில் கோமதியைக் கடைத்தெருவில் பார்த்து, அன்றைக்கு வந்து நின்றாயே, மறக்கமாட்டேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளும் கூட அழுதாள். அவள் வந்தாளோ என்னவோ.

உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன். அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருத்தியின் முகமும் எனக்கு ஞாபகம் இல்லை. அன்று நான் பார்த்ததெல்லாம் காலும் சேலைக் கரையும்தான். மிச்சத்தை நானே வைத்துத் தைத்திருக்கிறேன், இனியாவின் ஸ்வெட்டரைப் பின்னின மாதிரி.

மத்தியானம் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுங்க, இருமல் அவ்வளவாக இல்லை என்றேன். "டாக்டர் படத்தைக் காட்டியே சொன்னாரே அத்தை" என்றார். உண்மைதான். நான் கெட்ட எண்ணத்தில் செய்தது அவள் உடம்புக்கு நல்லதாகப் போயிற்று. அதனால் அதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை.

மார்கழி 28, திங்கள்

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு ராத்திரி வண்டி. பனியில் எத்தனை மணி நேரம் நிற்குமோ. நெஞ்சில் இழுப்போடு அவள் தனியாகப் போகவேண்டும். "எங்கிட்ட மருந்து இருக்கு, நான் என்ன பச்சைப் பிள்ளையா" என்கிறாள். மருந்து ஊதுகிற டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்.

தை 1, வியாழன்

பால்கனியில் குக்கரில் பொங்கினோம். விசில் எடுத்துவிட்டோம். பால் கிழக்கே பொங்கியது என்று அவளும் வடக்கே என்று நானும் சொன்னோம். பனியில் சூரியனையே காணோம், கிழக்கு எது என்று மாப்பிள்ளை போனில் பார்த்துச் சொன்னார். வடகிழக்காம்.

தை 4, ஞாயிறு

காலனித் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா, பூங்காவில். சர்க்கரைப் பொங்கல் எங்கள் இரண்டு பேர் பொறுப்பு. ஐந்து கிலோ அரிசி. வெல்லம் ஏழு கிலோ போடணும் என்றாள். ஐந்து போதும் என்றேன். இதற்குள் அடியில் பிடித்துவிட்டது. தின்ற சனம், விறகடுப்பு வாசனை ஜோராக இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். கேஸ் அடுப்பு என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை.

இனியா ரோஸ் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடினாள். நீளக் கையை வீசிக்கொண்டு ஓடினால் கூட்டத்தில் எங்கிருந்தாலும் தெரிகிறது. இதை நினைத்துத்தான் பின்னினேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கரண்டியைப் பிடித்துக் கிண்டும்போது உலகம்மாளுக்கு இழுப்பு வந்தது. இங்கே திறக்கக் குழாய் இல்லை. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு இருமினாள். கோழிக்குஞ்சைக் கையில் பிடித்த மாதிரி முதுகெல்லாம் துடித்தது. அடங்கிய பிறகு, "சேலையில பட்டுருச்சா மதினி?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சுகந்தியிடம் சொன்னேன். "எனக்கும் அதே வண்டியில ஒரு டிக்கெட் போடு."

"எதுக்கு?"

"அவுகளைக் கொண்டுபோய் விடணும். தனியாப் போனா, நான் விரட்டிவிட்டேன்னு சாத்தூர் முழுக்கச் சொல்லிருவாக. கூடப் போனா என் காது முன்னாலதானே சொல்லணும்."

"அம்மா, விளையாடாத. அடுத்த வாரம் செவ்வாக்கிழமை நான் வேலைக்குப் போகணும். நீ இல்லேன்னா இனியாவைக் கிரெச்சுல சேக்கணும். சேத்துப் பழகிட்டான்னா அப்புறம் எடுக்க மாட்டேன். நீ திரும்பி வந்தாலும் இங்க உனக்கு வேலையிருக்காது. சும்மாதான் இருக்கணும்."

"சும்மா இருக்கத் தெரியாதா எனக்கு?"

"தெரியாதும்மா."

அவள் சொன்னது சரி. டிக்கெட்டைப் போடச் சொன்னேன்.

தை 8, வியாழன், வண்டியில்

எழுத்து ஆடுகிறது. நாக்பூர் தாண்டியாயிற்று. கீழ் பெர்த் ஒன்றுதான் கிடைத்தது. நீங்க படுங்க, நீங்க படுங்க என்று அரைமணி நேரம் சண்டை. எதிர்ப் பெர்த்துக்காரர் பொறுக்கமாட்டாமல் தன் கீழ் பெர்த்தைக் கொடுத்துவிட்டு மேலே ஏறிவிட்டார். வெயில் வரவர அவளுக்கு இருமல் குறைகிறது.

கிளம்பும்போது இனியா டாட்டா காட்டினாள். நீளக் கையால்.

தை 13, செவ்வாய், சாத்தூர்

இரண்டு நாள் இருந்துவிட்டு அருப்புக்கோட்டைக்குப் போவதாகத்தான் பேச்சு. ஐந்தாவது நாள் நடக்கிறது. சாயங்காலம் பஸ் இருக்கிறதா என்று விசாரித்தேன். இருக்கிறதாம். விசாரித்ததோடு சரி.

இன்று இனியாவுக்குக் கிரெச்சில் முதல் நாள். சுகந்தி போன் பண்ணினாள். பிள்ளை அழவே இல்லையாம். அழவில்லை என்று சொல்லிச் சுகந்தி அழுதாள். தோசையை முக்கோணமாக மடிக்கச் சொன்னாயா என்று கேட்டேன். அங்கே தோசையெல்லாம் கிடையாதாம், பிஸ்கட்டாம். அதையும் தின்றாளாம். போனை வைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் கொல்லைப்பக்கம் நின்றேன். குழாயடியில் வேலை இருந்தது.

திரும்பி வந்தால் கூடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர், உலகம்மாளைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். என் கண் சிவந்திருந்தது தெரிந்திருக்கும். உலகம்மாள் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள். அவர்களிடம் சொன்னாள்:

"இது எங்க மதினி. டெல்லியில எனக்கு இருமல்னு மகன்கிட்டக் கோள் சொல்லி ஊருக்கு அனுப்புனவுக இவுகதான். அனுப்பிட்டு, இருக்க முடியாம பின்னாலேயே வந்துட்டாக."

நாலு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஒரு இருமல்கூட இல்லாமல்.

இதை நான் மறக்கப்போவதில்லை. தை 13, செவ்வாய், காலை பதினொன்றே கால். நாலு பேர் முன்னால். அவள் கட்டியிருந்தது பச்சைச் சுங்குடி. முகத்தையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.